முதலை செத்த சந்தோஷம்

ஒரு காட்டில் ஒரு முதலை இருந்தது என்றுதான் இந்த மாதிரிக் கதைகளை ஆரம்பிப்பார்கள். நம்முடைய கதை அந்த முதலை இல்லாமல் போன காலையில் ஆரம்பிக்கிறது. அவன் பெயர் தாடையப்பன். காட்டாற்று மடுவை வளைத்துப் போட்டுக்கொண்டு கிடந்தான். தாகத்தில் யாராவது குனிந்து தண்ணீரில் வாய் வைத்தால் போதும், அப்புறம் அந்த இடத்தில் குமிழிதான் வரும். அநேகமாகக் காட்டில் எல்லா வீட்டிலும் ஒரு ஆள் குறைந்திருந்தது.

அப்பேர்ப்பட்டவன் எப்படிச் செத்தான் என்கிறீர்கள்? சுற்றுலா வந்த மனிதர்கள் ஆற்றில் வீசிவிட்டுப் போன பிரியாணிப் பொட்டலத்தைப் பிளாஸ்டிக் பையோடு விழுங்கி, தொண்டை அடைத்துச் செத்தான். இவ்வளவு சப்பையான சாவைக் காட்டில் யாரும் ஒத்துக்கொள்ளவில்லை. தான் போன வாரம் விட்ட கல்தான் உள்காயமாகி அவனைத் தீர்த்தது என்றான் குரங்கு கதிரேசன். ஆமை ஒருவர், தான் ஒருநாள் அவனை முறைத்துப் பார்த்ததாகவும் அதிலிருந்தே அவன் சோர்ந்துவிட்டதாகவும் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

காட்டுப்பன்றி செங்கமலத்துக்குச் செய்தி வந்தபோது அவள் கிழங்கு தோண்டிக்கொண்டிருந்தாள். போன கோடையில் அவள் புருஷன் கோரைமுத்து, "ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டு வந்துடறேன்" என்று மடுவுக்குப் போனவர்தான். ஒரு பல்கூடத் திரும்பி வரவில்லை. ஒரு பூ வைக்கலாம் என்றால் வைப்பதற்கு ஒரு இடம் கிடையாது.

"நாசமாப் போறவன் நாசமாப் போயிட்டான்!" என்று கத்தினாள் செங்கமலம். கிழங்கை விட்டெறிந்தாள். சேற்றில் விழுந்து புரண்டாள். புதரைச் சுற்றிச் சுற்றி ஓடினாள். குட்டிகளுக்கு அம்மாவைப் பார்க்கவே பயமாகிவிட்டது. பொய் சொல்வானேன், அவ்வளவு சந்தோஷம் அவளுக்கு. புருஷன் போனதிலிருந்து அன்றைக்குத்தான் முதன்முதலாக வயிறு நிறையச் சாப்பிட்டாள்.

இதற்குள் மடுக்கரையில் விழாக் குழு அமைந்துவிட்டது. தலைவர் கரடி உலகநாதன். காட்டில் எந்தக் குழு அமைந்தாலும் அவர்தான் தலைவர், ஏனென்றால் மைக் செட் அவருடையது. எவனோ ஒரு அசுரன் செத்ததற்கு இன்றுவரைக்கும் வருஷா வருஷம் எண்ணெய் தேய்த்துக் குளித்துப் பலகாரம் தின்கிற நாட்டில், நேற்றுச் செத்த முதலைக்குக் கொண்டாட்டம் வைக்க ஆளா இல்லை? ஆளுயர ஃப்ளெக்ஸ் வைத்தார்கள். வருகிறவர்கள் எல்லாரும் காறித் துப்ப வசதியாக இருக்கட்டும் என்று தாடையப்பன் முகத்தைப் பெரிசாகப் போட்டார்கள். "ஒழிந்தான் கொடியவன்" என்று எழுத அடியில் கொஞ்சம் இடம்தான் மிஞ்சியது. பட்டாசு வந்தது. தப்படிக்க அடிவாரத்திலிருந்து மரங்கொத்திக் குழு வந்தது. கேசரி கிண்டினார்கள்.

தாடையப்பனைக் கரைக்கு இழுத்து மல்லாக்கப் போட்டிருந்தார்கள். அவன் வயிற்றின் மேல் ஏறி நின்று செல்ஃபி எடுக்க டோக்கன் கொடுத்தார்கள். வரிசை மூங்கில் காடு வரைக்கும் போனது. யானை மட்டும் ஏற வேண்டாம், ஓரமாக ஒரு காலை வைத்துக்கொண்டால் போதும் என்று குழுவினர் கெஞ்சிக் கேட்டுக்கொண்டார்கள். கடைசியில் அந்த வயிற்றுக்குள் சரவெடியைத் திணித்து வெடிக்கப் போவதாக அறிவிப்பு வேறு.

"பாதிக்கப்பட்ட குடும்பங்கள் சார்பாக," என்று மைக்கில் முழங்கினார் உலகநாதன், "சகோதரி செங்கமலம் அவர்கள் முதல் மிதி மிதித்து விழாவைத் தொடங்கி வைப்பார்கள்!"

ஒரே கைதட்டல். செங்கமலத்துக்கு வாயெல்லாம் பல். கால் தரையில் பாவாமல் ஓடினாள். வயிற்றுக்குப் பக்கத்தில் போய் முன்னங்காலைத் தூக்கினாள். தூக்கிய கால் அப்படியே நின்றுவிட்டது.

அந்த வெளுத்த வயிற்றை அவள் அதுவரைக்கும் பார்த்ததே இல்லை. கோரைமுத்து கடைசியாகப் போன இடம் இதுதானே என்று திடீரென்று தோன்றியது.

"மிதிங்கம்மா, வெயில் ஏறுதுல்ல," என்றார் கரடி.

"முடியலண்ணே."

"ஏன், கால்ல முள்ளா?"

"இதுக்குள்ளதாண்ணே எங்க வீட்டுக்காரரு இருக்காரு."

கரடி மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு கிசுகிசுத்தார். "ஏம்மா, அவரு போன கோடையில போனவரு. இந்நேரம் செரிச்சிருப்பாரும்மா."

"செரிச்சாலும் இங்கதானே செரிச்சாரு!" என்று அலறினாள் செங்கமலம். மைக்கைச் சரியாகப் பொத்தவில்லை போலிருக்கிறது. காடு முழுக்கக் கேட்டது.

கூட்டத்தில் சலசலப்பு. "பன்னி முதலைக்கு வக்காலத்து வாங்குதுடோய்!" என்று மரத்திலிருந்து கத்தினான் கதிரேசன். அவன் அப்போதுதான் போனை எடுத்து வீடியோ பிடிக்க ஆரம்பித்திருந்தான். "துரோகி!" என்று யாரோ பின்னாலிருந்து குரல் கொடுத்தார்கள்.

செங்கமலத்துக்கு வந்ததே கோபம்! "எவன்டா துரோகி? அவன் செத்தான்னு கேட்டதும் உங்க அத்தனை பேரையும்விட அதிகமா குதிச்சவ நானு. இப்பவும் எனக்குச் சந்தோஷந்தான்! இன்னொரு தடவை அவன் செத்தாலும் இன்னொரு தடவை குதிப்பேன். ஆனா எம்புருஷன உள்ள வெச்சிருக்கான்டா பாவி. நீங்க அவரு மேல ஏறி நின்னு பல்லக் காட்டுறீங்க. அவருக்கு வெடி வெக்கப் போறீங்களா? எவனாவது அந்த வயித்துல கால வெச்சுப் பாருங்க, அப்புறம் தெரியும். இப்படியே குழி தோண்டி மரியாதையா பொதைக்கணும். ஆமா, சொல்லிட்டேன்!"

வரிசையின் முன்னால் டோக்கனோடு நின்ற புள்ளிமான் மெதுவாகச் சொன்னாள். "எங்கம்மாவும் இதுக்குள்ளதான்."

"எங்கண்ணன்," என்றது ஒரு நீர்நாய்.

"எங்க வீட்டுல யார் யாருன்னு எனக்கே ஞாபகம் இல்லைங்க," என்று முயல் தேம்பியது. "நாங்க கொஞ்சம் பெரிய குடும்பம்."

அவ்வளவுதான். வயிற்றின் மேல் நின்றுகொண்டிருந்த மயில் சட்டென்று இறங்கி, நின்ற இடத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டது. செல்ஃபிக்கு நின்ற அதே வரிசை, அதே டோக்கன், ஆனால் இப்போது ஆளுக்கொரு பூ. வயிறு பூவால் மூடிப் போயிற்று. கரடி வீட்டில் மட்டும் யாரும் முதலைக்குப் போகவில்லை. உலகநாதன் நாலு பக்கமும் பார்த்தார். எல்லாரும் அழுகிறார்கள், தலைவர் மட்டும் சும்மா நிற்பதா? "ஐயோ, எங்க ஒண்ணுவிட்ட சித்தப்பா!" என்று எல்லாரையும்விட உரக்க ஒரு குரல் எடுத்தார்.

சரி, வெடி வேண்டாம், அடக்கம் என்று முடிவாயிற்று. வாங்கிய பட்டாசை என்ன செய்வது? ஊர்வலத்தில் வெடிக்கலாம். தப்பு? "அடிய மாத்தணுமாங்க?" என்று மரங்கொத்தித் தலைவர் கேட்டார். ஒன்றும் மாற்ற வேண்டாம், அதே அடிதான் என்றார்கள். சாவு ஊர்வலத்தில் ஆடுவது நம் பக்கத்துக்குப் புதுசா என்ன? முதலையைத் தூக்கிக்கொண்டு, பூவை வாரி இறைத்துக்கொண்டு, கரையோடு ஆடிக்கொண்டே போனார்கள். எல்லாருக்கும் முன்னால் செங்கமலம் ஆடினாள். "போயிட்டியா ராசா!" என்று புருஷனுக்கு ஒரு குதி. "ஒழிஞ்சியாடா சண்டாளா!" என்று முதலைக்கு ஒரு குதி. கண்ணில் தண்ணீர் கொட்டியது, வாயில் சிரிப்பும் அடங்கவில்லை. எந்தக் குதி யாருக்கு என்று கொஞ்ச நேரத்தில் அவளுக்கே குழம்பிவிட்டது.

அப்போதுதான் ஆற்றின் வளைவில் ஒரு பெரிய முதலை தலையைத் தூக்கியது.

தாடையப்பனின் அக்கா மடுவாச்சி. பின்னால் அவளுடைய பிள்ளைகள், ஒவ்வொருத்தனும் படகு கணக்காக இருந்தான். கதிரேசன் போட்ட வீடியோ அடுத்த மடு வரைக்கும் போயிருக்கிறது. முதலைகளுக்குக் காதில் எப்போதும் தண்ணீர், அதனால் வீடியோவைச் சத்தமில்லாமல்தான் பார்க்கும். சத்தமில்லாமல் பார்த்தால் அதில் என்ன தெரியும்? தம்பியின் முகம் போட்ட ஆளுயரப் படம். மூங்கில் காடு வரைக்கும் வரிசை. பூ, தப்பு, வெடி, ஆட்டம், அழுகை. ஃப்ளெக்ஸில் இருந்ததைப் படிக்க அவளுக்குத் தெரியாது.

மடுவாச்சி கரையேறி வந்து ஓவென்று அழுதாள். முதலை அழுதால் யார் நம்புவார்கள், அந்தக் குலத்துக்கே அப்படியொரு பெயர் ஆகிவிட்டது. ஆனால் அன்றைக்கு அந்தக் கரையில் முதலைக் கண்ணீர் விட்டவர் கரடி ஒருத்தர்தான்.

"எந்தம்பி மேல இவ்வளவு பாசமா வெச்சிருந்தீங்க?" என்று கேட்டாள். "எங்கப்பா செத்தப்போ எங்க மடுவுல நாலு தவளைதான் வந்துச்சு. அதுவும் தூரமா நின்னுச்சு."

யார் வாயைத் திறப்பார்கள்? சந்தோஷத்தில் ஆடினோம் என்றால் இப்போதே தின்பாள். கரடி முந்திக்கொண்டார். "அண்ணன் இல்லாத மடுவ நெனச்சே பாக்க முடியலைங்க தாயி!"

மடுவாச்சியின் கண் செங்கமலத்தின் மேல் விழுந்தது. எல்லாரையும்விட அதிகமாக வியர்த்து, அதிகமாக அழுது, பூவும் சேறுமாக நின்றவள் அவள்தான். "நீ அவனுக்கு என்னம்மா வேணும்?"

செங்கமலத்துக்குப் பொய் வரவில்லை. "நான் ஒந்தம்பிக்காக அழுவல. எம்புருஷன் அவன் வயித்துல இருக்காரு. அதுக்குத்தான் அழுவுறேன்."

மடுவாச்சி அவளை அப்படியே பார்த்தாள். பிறகு பாய்ந்து கட்டிக்கொண்டாள். "அடி என் தங்கச்சி! கடைசி வரைக்கும் எந்தம்பி கூடவே இருந்தாரா உம்புருஷன்! இப்படி ஒரு சிநேகிதம் எந்தச் சாதிசனத்துல உண்டு!" பிள்ளைகள் பக்கம் திரும்பினாள். "டேய், மாமாவ இவ்வளவு நேசிச்ச சனங்கள அனாதையா விட்டுட்டுப் போறதா? இனிமே நீங்க எல்லாரும் இங்கதான். சித்தி கால்ல விழுந்துட்டு மடுவுல இறங்குங்க."

பிள்ளைகள் ஒவ்வொருத்தனாக விழுந்து எழுந்தார்கள். ஒவ்வொருத்தனாக மடுவில் இறங்கினார்கள். கூட்டத்தில் ஒருத்தரும் அசையவில்லை, மரங்கொத்திகள் மட்டும் கை நிற்காமல் அடித்துக்கொண்டிருந்தன.

தாடையப்பனைச் செங்கமலம் கேட்டபடியே புதைத்தார்கள். மேலே ஒரு கல் நட்டு, கோரைமுத்து பெயரையும் மற்றவர்கள் பெயரையும் எழுதினார்கள். செங்கமலத்துக்குப் பூ வைக்க இடம் கிடைத்தது. மறுநாள் காலையில் நீர்நாய் வீட்டில் இன்னொரு ஆள் குறைந்தார்.

சித்தியையும் சித்தி வீட்டுக் குட்டிகளையும் தொடக் கூடாது என்பது மடுவாச்சி போட்டுவிட்டுப் போன கட்டளை. சித்தி சொல்லி அனுப்புகிறவர்களையும் தொடக் கூடாதாம். அதனால் இப்போது வரிசை செங்கமலத்தின் புதருக்கு முன்னால். முதல் ஆளாகக் கரடி உலகநாதன். "தங்கச்சி, அன்னைக்கு உனக்கு மைக் குடுத்ததே அண்ணன்தான், ஞாபகம் இருக்கா?" யாரை அனுப்புவது, யாரை விடுவது? எல்லாரையும் அனுப்பினால் பிள்ளைகள் பட்டினி, பட்டினி கிடந்தால் கட்டளை எத்தனை நாளைக்கு நிற்கும்? செங்கமலத்துக்குத் தலை சுற்றியது. அன்றைக்கு ஒரு மிதி மிதித்திருந்தால் இந்தத் தொல்லையே இல்லையே என்றுகூட நினைத்தாள்.

வரிசையை அப்படியே விட்டுவிட்டுக் குட்டிகளைக் கூட்டிக்கொண்டு மடுவுக்குப் போனாள். குனிந்து தண்ணீரில் வாய் வைத்தாள். ஜில்லென்று இருந்தது. குட்டிகள் பயமில்லாமல் உள்ளே இறங்கிக் கும்மாளம் போட்டன. கடைக்குட்டி முதலை மெதுவாகப் பக்கத்தில் மிதந்து வந்தான். குட்டி ஒன்று அவன் முதுகில் ஏறி உட்கார்ந்துகொண்டது. அவன் ஆடாமல் முதுகைக் கொடுத்தான். நல்ல பிள்ளையாகத்தான் தெரிந்தான். பல்லிடுக்கில் நீர்நாயின் ரோமம் இருந்தது.

"சித்தி," என்று வெட்கப்பட்டுக்கொண்டே கூப்பிட்டான். "ஒண்ணு கேக்கட்டுமா? நான் செத்தாலும், மாமாவுக்குப் பண்ண மாதிரியே எனக்கும் பண்ணுவீங்கள்ல?"

செங்கமலம் தண்ணீரிலிருந்து வாயை எடுத்தாள். அவனை ஆசையாகத்தான் பார்த்தாள்.

"கண்டிப்பா கண்ணு," என்றாள். "அதைவிடப் பெருசாவே பண்ணுவோம்."

அவள் வாழ்நாளில் யாருக்கும் இவ்வளவு மனசாரச் சத்தியம் செய்து கொடுத்ததில்லை.

நீதி: எதிரி செத்தால் தாராளமாக ஆடுங்கள், மனசு கேட்காவிட்டால் கூடவே அழுதும் கொள்ளுங்கள், ஆனால் தப்படிக்க ஆள் சொல்வதற்கு முன்னால், அவனுக்கு அக்கா இருக்கிறாளா என்று விசாரித்துவிடுங்கள்.