எந்த அறைக்கு எவ்வளவு காற்று

786

பாக்கார் ஆராங், சுங்கைப்பட்டாணி
9 அக்டோபர் 1954

அன்புக்குரிய மச்சான் யஹ்யா அவர்களுக்கு, கடல் தாண்டிக் கிடக்கும் உங்கள் தங்கை மாப்பிள்ளை நாகூர் மீரான் சலாம் சொல்லி எழுதுவது. அல்லாஹ்வின் கிருபையால் இங்கு நானும் என் மளிகைக் கடையும் சுகம். அங்கு நீங்களும் மாமியும் வீட்டில் உள்ளவர்களும் சுகமாயிருக்க ஐந்து வேளையும் கேட்டுக்கொள்கிறேன்.

உங்கள் சென்ற கடிதம் கிடைத்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. கோபம் என்று நினைக்க வேண்டாம், ஆனால் கோபம்தான். முதலில் கடைக்கு மேலே உள்ள அறையில் ஒரு பெண்பிள்ளை எப்படி வந்து இருப்பாள் என்று எழுதினீர்கள், நியாயம்தானே என்று இந்தப் பழைய பலகை வீட்டை வாங்கினேன். ஒழுகுகிற கூரைக்குக் கீழேயா என்றீர்கள், கூரையை மாற்றினேன். பிறகு நான் சும்மா இருந்திருக்கலாம். மின்சாரம் உள்ள வீடு, வாசலில் ஒரே ஒரு சுவிட்ச், அதைத் தட்டினால் கூடம், இரண்டு அறை, அடுப்படி எல்லா இடத்திலும் விளக்கு எரிந்து காற்றாடி சுற்றும் என்று பெருமையாக எழுதித் தொலைத்தேன். அதற்கு நீங்கள் எழுதிய பதில் என்ன? தங்கையோடு வரப்போகிற அம்மாவுக்கு மூட்டுவலி, காற்று ஆகாது. தங்கைக்கு வெக்கை ஆகாது. எல்லாம் ஒன்றாகச் சுற்றி ஒன்றாக நிற்கும் வீட்டில் இரண்டு பேரும் எப்படிக் குடியிருப்பது, முதலில் வீட்டைச் சரிசெய்யுங்கள், பார்க்கலாம் என்று. ஒன்பது வருஷமாக நான் இந்தப் 'பார்க்கலாம்' என்ற வார்த்தையோடுதான் குடித்தனம் நடத்துகிறேன், மச்சான்.

ஆகவே வயர் வேலைக்கு முருகையா என்பவரைப் பிடித்தேன். கரங்கான் பக்கம் ஒரு தோட்டத்தில், ரப்பர் ஷீட்டு காயவைக்கும் புகைவீட்டில் பல வருஷம் நெருப்புப் பார்த்தவர், தோட்டத்து இஞ்சினில் கைவைத்துக் கைவைத்தே மின்சார வேலையும் கற்றுக்கொண்டவர். நான் நினைத்தது கூடுதலாக ஒரு சுவிட்ச், அவ்வளவுதான். அவர் வீடு முழுவதும் சுற்றிவந்து, ஒவ்வொரு அறையிலும் கையைத் தூக்கி வெக்கை பார்த்து, "அண்ணே, புகைவீட்டுல ஈர ஷீட்டுக்கு ஒரு ரூம்பு, பாதி காஞ்சதுக்கு ஒரு ரூம்பு. ஒவ்வொண்ணுக்கும் சூடு வேற வேறலா. எல்லாத்துக்கும் ஒரே நெருப்புப் போட்டா ஷீட்டு கொப்புளிச்சுப் போயிரும். வீடும் அப்படித்தான். யாரு எங்க படுப்பாங்க, அவங்களுக்கு எவ்வளவு காத்து வேணும், அதச் சொல்லுங்க. ரூம்புக்கு ஒரு சுவிட்ச், ஒரு ரெகுலேட்டர் வச்சுத் தர்றேன்" என்றார். என் மாமியாரை ஈர ஷீட்டோடு சேர்த்துப் பேசியது எனக்குப் பிடிக்கவில்லை என்றாலும் விஷயம் சரியாகப் பட்டது. மாமி அறையில் ஒன்றாம் எண்ணுக்கு மேல் ஓடவே கூடாது என்று சொல்லிவிட்டேன். அவர் அதைச் சுவரிலேயே எழுதிக்கொண்டு, "சரி, அண்ணிக்கு?" என்றார்.

அங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன். கல்யாணத்துக்குப் பிறகு நான் ஊரில் இருந்தது இரண்டு தடவையும் சேர்த்து எட்டு மாதம். இரண்டு தடவையும் நான் கப்பலை விட்டு இறங்கும்போது மழை பிடித்துவிட்டது, வெயில் ஏறுவதற்குள் திரும்பிவிட்டேன். உங்கள் தங்கையைக் கோடையில் நான் பார்த்ததே கிடையாது. விசிறியை வைத்துக்கொண்டு படுப்பாளா, ஜன்னல் பக்கம் பாயை நகர்த்துவாளா, காற்று பட்டால் தும்முவாளா, ஒன்றும் தெரியாது. மழைக்கு அவள் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொள்வது மட்டும் தெரியும், அதை முருகையாவிடம் சொல்ல முடியுமா. உங்களுக்கு எழுதவே கை கூசுகிறது. "எழுதிக் கேட்டுச் சொல்றேன்" என்றேன். "கல்யாணம் ஆயி எத்தனை வருஷம்ணே?" என்றார். ஒன்பது என்றேன். அவர் ஏணியை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டார். நல்ல மனிதர்.

இதற்குள் பக்கத்துச் சாப்பாட்டுக்கடை முகம்மது ஹனீபா நானா வந்து, யோசனை கேட்காமலே யோசனை சொல்ல ஆரம்பித்தார். "தம்பி, நாலு சுவிட்சும் உன் தலமாட்டுல இருக்கணும். ஆம்பள கையில இருந்தாத்தான் வீடு ஒழுங்கா நடக்கும்" என்றார். எனக்கு வந்ததே ஆத்திரம். சுவிட்ச் என் தலைமாட்டில் இருந்தால் அவள் ஒவ்வொரு தடவையும் என்னிடம் கேட்க வேண்டும். உங்கள் தங்கை கேட்கிறவளா? காய்ச்சலில் கிடந்தபோது பக்கத்தில் உட்கார்ந்திருந்த என்னிடம் ஒரு தம்ளர் தண்ணீர் கேட்டவளில்லை. எல்லா சுவிட்சும் அவள் கை எட்டுகிற உயரத்தில், அவள் பக்கம்தான் இருக்கும் என்று சொன்னேன். "என்ன உயரம்ணே?" என்றார் முருகையா ஏணி மேலிருந்து. என் தோளில் கையை வைத்துக் காட்டினேன். அது மட்டும் எனக்கு நன்றாகத் தெரியும்.

போன செவ்வாய்க்கிழமை இந்த மனிதர் ரெகுலேட்டர்களையும் வயர்ச் சுருளையும் சைக்கிளில் கட்டிக்கொண்டு திகாம் பத்து ஊர் வழியில் வரும்போது சோதனைக்கு நிறுத்திவிட்டார்கள். இந்த அவசரகாலத்தில் பால் டின்னுக்குக்கூட நான் கடையிலேயே துளை போட்டுத்தான் விற்க வேண்டும், காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடக் கூடாதாம். அப்படியிருக்க வட்டமாக, எண் போட்ட, திருகுகிற சாமான் நாலு என்றால் சும்மா விடுவார்களா. குண்டு என்று எண்ணி ஒரு போலீஸ் சார்ஜன் அவரைச் சாவடியில் உட்கார வைத்துவிட்டார். ஆள் வந்து சொல்ல, அடையாளக் கார்டை எடுத்துக்கொண்டு ஓடினேன். யாருக்கு இதெல்லாம் என்று சார்ஜன் மலாயில் கேட்டார். என் மனைவிக்கு என்றேன். "பினி மானா?" என்றார், பெண்டாட்டி எங்கே என்று. இந்தியாவில் என்றேன். எப்போது வருகிறாள் என்றார். தெரியாது என்றேன். அவர் ரெகுலேட்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வராத பெண்ணுக்கு நாலு அறையில் காற்றை அளந்து வைக்கிற ஆள் காட்டுக்குப் போகிறவனாக இருக்க முடியாது என்று தோன்றியிருக்க வேண்டும், தேநீர் வரவழைத்துக் கொடுத்தார். இதற்குள் முருகையாவுக்கு அந்தச் சாவடிக் காற்றாடி ஒரே வேகத்தில் தடதடவென்று ஓடுவது பொறுக்கவில்லை. தானாகவே ஒரு ரெகுலேட்டரை அங்கே மாட்டிக் கொடுத்துவிட்டு வந்தார். இப்போது என்னிடம் இருப்பது மூன்று.

ஆகையால் மச்சான், அவளிடம் விவரமாகக் கேட்டு எழுதவும். காற்று தலைப்பக்கம் வேண்டுமா கால்பக்கமா, தூங்கும்போது ஓட வேண்டுமா தூக்கம் வந்ததும் நிற்க வேண்டுமா, அடுப்படியில் காற்றாடி சுற்றினால் அடுப்பு அணையும் என்று திட்டுவாளா, சத்தம் பிடிக்குமா, இந்த வீட்டில் வேறு ஏதாவது வேண்டுமா, இந்த வீடு வேண்டுமா. எனக்கு ஒன்றும் அவசரமில்லை. நானே வந்து கேட்கலாம் என்றால் அதற்கு வழியில்லை. கடையை நம்பி விட ஆளில்லை, போனால் திரும்ப உள்ளே வருவதற்கு அனுமதித் தாள் வாங்க வேண்டும், இங்கே நிலைமை சரியில்லை. நான் இங்கே சௌகரியமாகவே இருக்கிறேன். சாயங்காலம் ஊரடங்குக்கு முன்னால் கடையைப் பூட்டி வந்து அந்த ஒரே சுவிட்சைத் தட்டுவேன். யாருமில்லாத நாலு இடத்திலும் காற்றாடி சுற்றும். கொஞ்ச நேரம் கூடத்தில் நின்று அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டு அணைத்துவிடுவேன். மற்றபடி குறை ஒன்றுமில்லை.

மாமிக்கு என் சலாம். மூட்டுக்குத் தைலம் தனிப் பார்சலில் வரும். இந்தப் பாவிக்காக எல்லாரும் துஆச் செய்யுங்கள்.

இப்படிக்கு,
நாகூர் மீரான்

பின்குறிப்பு: இதைப் போட இன்று காலை தபால் ஆபீசுக்குப் போனேன். வியாழக்கிழமை பினாங்கிலிருந்து கப்பல், இது அதில் போய்விடும் என்றார் குமாஸ்தா. கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன். ஒரு தாள் போகிறது, நான் போகக் கூடாதா என்று எனக்கு ஆற்றாமையாகப் போய்விட்டது. நேராகப் போய் அதே கப்பலுக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன். கடைச் சாவி ஹனீபா நானாவிடம். வீட்டுச் சாவி முருகையாவிடம், நான் வரும்வரை ஓர் ஆணிகூட அடிக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன். ஆகவே வர முடியாது என்று மேலே நான் எழுதிய காரணங்களைப் பொருட்படுத்த வேண்டாம், இந்தக் கடிதத்தை நானே கொண்டுவருகிறேன். ஆனால் உங்கள் முன்னால் உட்கார்ந்தால் எனக்குப் பேச்சு வராது, போன தடவை புளி விலையைப் பேசிவிட்டே கப்பல் ஏறினேன். அதனால் தயவுசெய்து இதை உரக்க வாசியுங்கள், உங்கள் தங்கை சுலைஹா கதவுக்குப் பின்னால் நின்று கேட்கட்டும். பதில் உடனே சொல்ல வேண்டாம். மழை முடிந்து, கோடை வந்து, அதுவும் போகிறவரை நான் அங்கேதான் இருப்பேன்.