நீலப் பூண்டு பரிமாறிய நிச்சயதார்த்தம்

உணவியல் படித்தவனைச் சமையலறைக்குள் விடக் கூடாது. நிச்சயதார்த்தம் நெருங்குகிற வாரத்தில் வாசற்படியைக்கூட மிதிக்க விடக் கூடாது.

நான் படிப்பை முடித்து, மலைமேல் இருக்கும் எங்கள் நாயுடுபுரத்துக்குத் திரும்பியிருந்த நேரம். வாயைத் திறந்தால் ஆன்டி-ஆக்ஸிடன்ட்தான். கேரட்டை நறுக்கி வைத்தால் காற்றுப் பட்டுச் சத்து போகும், கீரையைக் கொதிக்க விட்டால் தண்ணீரோடு போகும் என்று வீட்டில் யாரையும் நிம்மதியாகச் சாப்பிட விடவில்லை. (அம்மா ஒருமுறை, "நீ பேசுன பேச்சுல சோறு ஆறிப்போச்சு, அதுல என்ன சத்து போச்சுன்னு சொல்லு" என்றாள்.)

அடிவாரத்துப் பாலசமுத்திரத்தில் எனக்குப் பெண் முடிவாகியிருந்தது. பெயர் கவிதா. நிச்சயச் சாப்பாட்டுக்கு எங்கள் பக்கத்திலிருந்து மலைப்பூண்டு ஊறுகாய் கொண்டுபோவதாகப் பேச்சு. அம்மா வழக்கம்போல நல்லெண்ணெயில் வதக்கக் கிளம்பினாள். நான் தடுத்தேன். சூடு பட்டால் பூண்டின் மகிமையே போய்விடும்; பச்சையாக எலுமிச்சைச் சாற்றில் ஊறவேண்டும்; மிளகாய்ப்பொடி, வறுத்த வெந்தயம் எதுவும் கூடாது. அடுப்புக்கு மேலே புகையில் தொங்கிய பூண்டையும் முன்னதாகவே இறக்கி ஃப்ரிட்ஜில் அடைத்திருந்தேன். ஊரே ஃப்ரிட்ஜாக் கெடக்கு, அதுக்குள்ள இன்னொரு ஃப்ரிட்ஜா என்று அப்பா கேட்டதை நான் காதில் வாங்கவில்லை.

ஜாடியை நானே துணி கட்டி மூடினேன். காற்றுப் படும் என்று யாரையும் எட்டிப் பார்க்கக்கூட விடவில்லை.

நிச்சயத்தன்று வெள்ளனே வண்டி பிடித்து மலையிறங்கினோம். நல்ல நேரம் மதியத்துக்கு மேல்தான் என்பதால் முதலில் பந்தி, பிறகு தட்டு மாற்றுவது என்று ஏற்பாடு. தயிர்சோறு வந்ததும் அம்மா பெருமையாக ஜாடியைத் திறந்து, கவிதாவின் தாய்மாமா இலையில் ஒரு கரண்டி வைத்தாள்.

பூண்டு நீலமாக இருந்தது.

லேசான நிறமாற்றம் இல்லை. பச்சை கலந்து பளபளக்கிற நீலம். அம்மா கரண்டியோடு அப்படியே நின்றாள். படித்த எந்தப் பாடத்திலும் பூண்டு நீலமானதாக எனக்கு ஞாபகமே இல்லை.

தோட்டத்துக்கு மருந்தடிக்கிற மாமாவுக்கு அந்த நிறம் நன்றாகத் தெரியும். மயில்துத்தம் என்கிற விஷ மருந்தின் நிறம். இலையை மெல்லத் தள்ளிவைத்தார்.

"மாப்ள, இதுல என்னங்க கலந்திருக்கு?"

என் வாயில் வந்தது ஒரே வார்த்தை. "ஆன்டி-ஆக்ஸிடன்ட்."

"அதத் தின்னா ஆஸ்பத்திரியில காப்பாத்திருவாங்களா?"

பந்தி முழுக்கக் கைகள் நின்றுவிட்டன. குடும்ப மானத்தைக் காப்பாற்ற எனக்குத் தோன்றிய ஒரே வழி, ஜாடிக்குள் கைவிட்டு அள்ளி நானே தின்பது. தின்றேன். பச்சை மலைப்பூண்டு தொண்டையை எரித்தது, கண்ணில் நீர் கொட்டியது, பேச்சு வரவில்லை. விஷம் வேலை செய்கிறது என்று முடிவுகட்டி யாரோ உப்புத்தண்ணீர் கரைக்கப் போனார்கள், யாரோ ஆட்டோவுக்கு ஓடினார்கள். அம்மா அழ ஆரம்பித்தாள். கல்யாணம் நின்றுபோனது என்றே நினைத்தேன்.

அப்போதுதான் கவிதா உள்ளறையிலிருந்து பட்டுச்சேலையோடு வந்தாள். என்னைப் பார்த்தாள். ஜாடியை மோந்து பார்த்தாள். ஒரு பல் பூண்டை எடுத்து வாயில் போட்டு நிதானமாக மென்றாள்.

"பூண்டுதான் மாமா, உப்புக் கொஞ்சம் கம்மி," என்றாள். "வெரசா தட்ட மாத்துங்க, நல்ல நேரம் போயிரும்."

தட்டு மாறியது. அன்றைக்கு எல்லாரையும்விட அதிகம் அதிர்ந்துபோனவன் நான்தான்.

பிறகு என் கல்லூரி ஆசிரியரைக் கூப்பிட்டுக் கேட்டேன். குளிரில் வைத்த பூண்டில் ஏதோ ஒரு பொருள் சேர்ந்துகொண்டே போகுமாம். பச்சையாகப் புளிப்பில் போட்டால் அது நீலமாகுமாம். தின்றால் ஒன்றும் செய்யாதாம். ஆக, சத்துக்காக நான் பார்த்துப் பார்த்துச் செய்த இரண்டு காரியமும் கைகோத்துக்கொண்டு என் மானத்தை வாங்கியிருக்கின்றன. இதை வகுப்பிலேயே சொன்னதாகவும், நான் தூங்கியிருப்பேன் என்றும் அவர் சொன்னார்.

இன்றும் எங்கள் சொந்தத்தில் எந்த விசேஷமானாலும் மாமா எனக்குத்தான் முதல் இலை போடச் சொல்வார். நான் நாலு வாய் சாப்பிடும்வரை யாரையும் இலையில் கைவைக்க விடமாட்டார். பிறகு என் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டு, பந்தியை நோக்கி அறிவிப்பார்: "மாப்ள தெளிவாத்தான் இருக்கார். எல்லாரும் சாப்பிடுங்க."