எல்லா ஸீட்டோவும் ஒரே ரத்தம்

தபால்தலை சேர்ப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். சிப்பி சேர்ப்பவர்களையும் பார்த்திருப்பீர்கள். அவர்களால் யாருக்கும் தொந்தரவில்லை. தபால்தலை தப்பித்து ஓடப் பார்ப்பதில்லை. சிப்பிக்கு அவசர வேலை இருப்பதில்லை. இங்கே சொல்லப்போகும் இனம் வேறு. இது சொந்தக்காரர்களைச் சேர்க்கும் இனம். குடும்பப்பெயர்க்காரர் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் பெயரைக் கேட்பார். கேட்டதும் கண்ணைச் சுருக்குவார். அடுத்த கணம் சட்டைப்பையிலிருந்து ஒரு குறிப்பேடு வெளியே வரும். அத்துடன் உங்கள் சாயங்காலம் முடிந்தது.

இந்த இனத்தின் தலைசிறந்த மாதிரி, தென்கடல் தீவு நாடொன்றின் தலைநகரான சுவாவில் வாழ்கிறது. பெயர் ஹெர்பர்ட் ஸீட்டோ. வயது அறுபத்தொன்று. கீழே ஆணி, பூட்டு, தகரம் விற்கும் கடை. மாடியில் ஸீட்டோ சங்கம். சங்கத்தில் இருபத்து மூன்று குடும்பங்கள். தலைவர் அவர்தான், செயலாளரும் அவர்தான், மழை ஒழுகினால் வாளி வைப்பவரும் அவர்தான். சுவாவில் மழை ஒழுகாத நாள் ஏது? ஆகவே பதவி மூன்றும் முழுநேரப் பதவிகள்.

சங்கத்துச் சுவரில் ஓர் உலகப்படம். எங்கெல்லாம் ஒரு ஸீட்டோ இருக்கிறாரோ அங்கெல்லாம் ஒரு சிவப்புக் குண்டூசி. சான் பிரான்சிஸ்கோவில் ஒரு கொத்து, வான்கூவரில் ஒரு கொத்து, ரபாவுலில் ஒரு வரிசை. சிட்னியில் குத்த இடமில்லாமல் மிச்சத்தைக் கடலில் குத்தியிருந்தார். ஐஸ்லாந்தில் ஒரே ஒரு ஊசி. அது அங்கே மீனைப் பற்றிப் படிக்கப்போன ஒரு பையன். ஹெர்பர்ட் அவனுக்குப் பதினொரு கடிதம் எழுதினார். பதினொன்றுக்கும் பதில் இல்லை. பாவம், குளிரில் கை விறைத்திருக்கும் என்று ஹெர்பர்ட் சமாதானம் சொல்லிக்கொண்டார்.

பூட்டு வாங்க வந்த ஆள் பூட்டை மட்டும் வாங்கிக்கொண்டு போய்விட முடியாது. ஸீட்டோ என்பது வெறும் பெயரல்ல, மூவாயிரம் வருஷத்துக்கு முன் சீன மன்னர்களிடம் நிலத்தையும் குடிமக்களையும் நிர்வகித்த மந்திரியின் பதவிப்பெயர், மந்திரியின் பிள்ளைகள் பதவி போன பிறகும் பெயரை விடவில்லை, அங்கிருந்து தெற்கே இறங்கித் தெற்கே இறங்கிக் கடைசியில் சிகான் என்ற ஆற்றங்கரை ஊரில் வேர் பிடித்து, அங்கிருந்து கப்பலேறி உலகமெல்லாம் பரவினார்கள் என்பதையெல்லாம் அவர் கேட்டாக வேண்டும். அவர் இந்திய வம்சாவளி டாக்சி ஓட்டுநராக இருந்தாலும் கேட்டாக வேண்டும். மழை விட்டாலும் கேட்டாக வேண்டும். "எல்லா ஸீட்டோவும் ஒரே ரத்தம்" என்று ஹெர்பர்ட் முடிப்பார். பிறகுதான் சாவி தருவார்.

அந்த சிகானில் ஆற்றங்கரையின் ஒரு பக்கம் ஸீட்டோக்கள், மறுபக்கம் குவான்கள். இவர்கள் நூலகம் கட்டினால் அவர்களும் நூலகம் கட்டுவார்கள். அப்படி ஒரு பங்காளிப் பகை, பங்காளியாக இல்லாமலே. ஹெர்பர்ட் அந்த ஆற்றைக் கண்ணால் பார்த்ததில்லை. அதனால் என்ன? சுவாவில் குவான் ரொட்டிக்கடை இருக்கும் தெருவில் அவர் நடக்கமாட்டார். ஊரே வரிசையில் நின்று வாங்கும் பன்றிக்கறி பன்னை அவர் வாயில் வைத்ததில்லை. கேட்டால், "குவான் கை பட்ட மாவு நமக்கு ஜீரணமாகாது. உடம்பு வாகு அப்படி" என்பார்.

கல்யாணம் ஆகவில்லை. இந்த இனத்துக்கு அது எளிதில் ஆவதில்லை. மூன்று இடத்தில் பெண் பார்த்தார்கள். முதல் பெண்ணின் தாயார் ஸீட்டோ. அப்படியானால் பெண்ணும் நம் ரத்தம், வேண்டாம் என்று இவரே எழுந்துவிட்டார். இரண்டாவது பெண் பதினான்காம் தலைமுறையைச் சொல்லும்போது தூங்கிப்போனாள். மூன்றாவது பெண்ணின் பெயர் குவான். அதோடு விஷயம் தீர்ந்தது.

இப்படியிருந்த மனிதரின் கடைக்கு ஒரு மழைநாளில் கொசுவலை மாட்டும் கொக்கி வாங்க ஒரு பெண்மணி வந்தாள். ஐம்பத்தேழு வயது. நரைத்த முடியைக் கட்டையாக வெட்டியிருந்தாள். குடையைக் கதவோரம் உதறினாள். பில்லில் என்ன பெயர் போடட்டும் என்று ஹெர்பர்ட் கேட்டார்.

"ஸீட்டோ. வெரோனிகா ஸீட்டோ."

ஹெர்பர்ட் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். அவள் ரபாவுலில் பிறந்தவள், எரிமலைச் சாம்பல் அந்த ஊரை மூடிய பிறகு பிரிஸ்பேனில் நர்சாக இருந்து ஓய்வுபெற்றவள், கல்யாணம் செய்துகொள்ளாதவள், அதே தெருவில் ஒரு தனியார் கிளினிக்கில் வேலைக்கு வந்திருக்கிறாள் என்பதெல்லாம் ஐந்து நிமிடத்தில் வெளியே வந்தன. ஆறாவது நிமிடத்தில் வம்சப் பட்டியல் கீழே இறங்கிவந்தது.

ஸீட்டோக்களில் தலைமுறைக்கு ஓர் எழுத்து முன்கூட்டியே குறித்து வைத்திருப்பார்கள். ஆண்பிள்ளையின் பெயரில் நடுவே அது வரும். நடு எழுத்தைப் பார்த்தால் யார் யாருக்குச் சித்தப்பா, யார் யாருக்குப் பேரன் என்று சொல்லிவிடலாம். வயது கணக்கில்லை. தொட்டிலில் கிடப்பது உங்கள் தாத்தாவாக இருக்கலாம். நீங்கள்தான் குனிந்து வணங்க வேண்டும். வெரோனிகாவின் அப்பா பெயரில் இருந்தது இருபத்து மூன்றாம் தலைமுறை எழுத்து. அப்படியானால் அவள் இருபத்து நான்கு. ஹெர்பர்ட் இருபத்தாறு.

"நீங்க எனக்கு அத்தைப் பாட்டி" என்றார் ஹெர்பர்ட், தழுதழுத்த குரலில்.

"கொக்கி இருக்கா இல்லையா?" என்றாள் வெரோனிகா.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சங்கத்தில் இருபத்து மூன்று குடும்பங்களின் முன்னால் ஹெர்பர்ட் மண்டியிட்டு இரண்டு கையாலும் அத்தைப் பாட்டிக்குத் தேநீர் நீட்டினார். அவள் ஒரு வாய் குடித்துவிட்டு, டீ ஆறிப்போச்சு பேரா என்றாள். சங்கமே சிரித்தது. ஹெர்பர்ட் நிமிர்ந்து பார்த்தார். அவளும் சிரித்தாள். முன்பல் ஒன்று லேசாகச் சாய்ந்திருந்தது.

வாசகரே, அந்தச் சாய்ந்த பல்லைத்தான் சொல்ல வேண்டும். அறுபத்தொரு வருஷம் எந்த ஊசியும் குத்தாத இடத்தில் அது போய்க் குத்தியது.

அதன் பிறகு ஹெர்பர்ட்டுக்கு ரத்த அழுத்தம் வந்தது. திங்கள், புதன், வெள்ளி கிளினிக்குக்குப் போய்க் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தார். அவள் பட்டையைச் சுற்றிக் காற்றடிக்கும்போது கண்ணை மூடிக்கொண்டார். கடையில் அவரே பார்த்துக்கொண்டால் நூற்று முப்பது காட்டும் கருவி, கிளினிக்கில் நூற்று எழுபதுக்கு ஏறுகிறதே என்று அவள் ஆச்சரியப்பட்டாள். உப்பைக் குறைக்கச் சொன்னாள். ஹெர்பர்ட் உப்பைக் குறைத்தார். உப்புக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

ஒரே குடும்பப்பெயர் கொண்டவர்கள் கல்யாணம் செய்துகொள்ளக் கூடாது. அண்ணன் தங்கை மாதிரி. இதை அந்தச் சங்கத்தில் யார் விட்டாலும் ஹெர்பர்ட் விட்டதில்லை. இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு சுவா ஸீட்டோ பெண் ஒரு வான்கூவர் ஸீட்டோ பையனைக் கட்டிக்கொள்ளக் கேட்டபோது, திரையில் படம் போட்டு மூன்று மணிநேரம் எதிர்த்துப் பேசியவர் யார்? நானூறு வருஷத்துக்கு முன்னால் பிரிந்த கிளை என்று அந்தப் பெண் அழுதபோது, "நானூறு வருஷம் ஒரு வருஷமாம்மா?" என்று கேட்டவர் யார்? இப்போது தனியாக உட்கார்ந்து நானூறு என்பது சின்ன எண்ணல்ல என்று யோசிப்பவரும் அவர்தான். அதிலும் இங்கே தங்கச்சிகூட இல்லை. பாட்டி.

அவருக்கு ஒரே வழி இருந்தது. வெரோனிகாவின் கிளையில் ஏதாவது தப்பு இருக்க வேண்டும். எங்காவது ஒரு தத்துப்பிள்ளை, எங்காவது ஓர் எழுத்துப்பிழை, எதுவானாலும் சரி, அவளைப் பட்டியலிலிருந்து கீழே இறக்கிவிட வேண்டும். சிகானில் வம்சப் பட்டியலைப் பாதுகாக்கும் பெரியவருக்கு எழுதினார். சந்தேகம் வராமலிருக்கத் தன் கிளையையும் சேர்த்துச் சரிபார்க்கும்படி கேட்டுக்கொண்டார்.

பதினெட்டு நாளில் கைபேசிக்குப் பதில் வந்தது. வெரோனிகா அம்மையாரின் கிளை அப்பழுக்கற்றது என்று பெரியவர் பாராட்டியிருந்தார். கூடவே ஒரு சிறு ஐயம்: சுவாவுக்குக் கப்பலேறியதாகத் தாங்கள் சொல்லும் தங்கள் தாத்தா, பட்டியலின்படி நான்கு வயதில் அம்மை கண்டு இறந்துபோயிருக்கிறார். தங்களுக்குத் தாத்தாவாக இருக்க அவருக்கு அவகாசம் இருந்ததா என்று தெரிவிக்கவும்.

ஹெர்பர்ட் அந்தச் செய்தியை நின்றுகொண்டு படித்தார், உட்கார்ந்து படித்தார், கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் படித்தார். பிறகு லவுடோகாவில் இருக்கும் அக்கா எட்னாவைக் கூப்பிட்டார். தாத்தா யார் என்று கேட்டார். அக்கா கொஞ்சநேரம் பேசவில்லை.

"உன்கிட்ட யாரும் சொல்லலையா?" என்றாள்.

"என்ன சொல்லலை?"

"அந்தக் காலத்துல கப்பலேற அனுமதிச்சீட்டு வேணும்டா. செத்துப்போன ஸீட்டோ பிள்ளையோட பேர்ல இருந்த சீட்டை வாங்கிட்டுத் தாத்தா ஏறிட்டாரு. வந்த பேரே நிலைச்சிருச்சு."

"அப்போ நாம யாரு அக்கா?"

"குவான்."

ஹெர்பர்ட்டின் கையிலிருந்து கைபேசி நழுவி ஆணிப்பெட்டிக்குள் விழுந்தது. எடுத்து மறுபடி காதில் வைத்தபோது அக்கா பேசிக்கொண்டேயிருந்தாள். நீ அஞ்சாம் வகுப்புலயே சுவர்ல மரம் போட்டு ஸீட்டோ ஸீட்டோன்னு எழுத ஆரம்பிச்சிட்டே, அப்பாவுக்கு உன் மூஞ்சியைப் பார்த்துச் சொல்ல மனசு வரலை, பெரியவனானா சொல்லிக்கலாம்னு இருந்தோம், பெரியவனானதும் தலைவராயிட்டே என்றாள்.

மூன்று நாள் கடை திறக்கவில்லை. அந்த மூன்று நாளும் அவர் உள்ளம் பட்ட பாட்டை நினைத்தால் கல்லும் கரையும். வாயைத் திறந்தால் வெரோனிகாவைக் கேட்கலாம். வாயைத் திறந்தால் சங்கம் போகும், தலைவர் பதவி போகும், மந்திரியின் மூவாயிரம் வருஷம் ஒரே மூச்சில் போகும். மூடிக்கொண்டால் எல்லாம் இருக்கும், திங்கள் புதன் வெள்ளி கை நீட்டும் பேரனாக. மூன்றாம் நாள் அவர் குல்லாவைக் கண்வரை இழுத்துவிட்டுக்கொண்டு குவான் கடைக்குப் போய் ஒரு பன் வாங்கித் தின்றார். ஜீரணமாயிற்று. அதுதான் அவருக்கு மிகுந்த வேதனையைத் தந்தது.

ஏப்ரலில் கல்லறை துலக்கும் நாள் வந்தது. சங்கத்துக் குடும்பங்கள் அத்தனையும் குடையும் துடைப்பமும் முழுசாகச் சுட்ட பன்றியுமாக மேட்டுக் கல்லறைக்கு வந்து புல் வெட்டி, ஊதுபத்தி ஏற்றி, முன்னோர்களுக்குக் கறியைக் காட்டிவிட்டுத் தாங்கள் சாப்பிடத் தயாராக நின்றன. வழக்கம்போலத் தலைவர் குடும்பங்களின் பட்டியலைப் படித்தார். இருபத்திரண்டு பெயர் படித்தார். இருபத்து மூன்றாவது அவருடையது. அங்கே நிறுத்தினார்.

தன் தாத்தா ஒரு குவான் என்றார். அம்மையில் இறந்த ஒரு குழந்தையின் பெயரை இத்தனை வருஷம் தான் போட்டுக்கொண்டிருந்ததாகவும் அந்தக் குழந்தைக்கும் சேர்த்து ஒரு ஊதுபத்தி ஏற்ற வேண்டும் என்றும் சொன்னார். யாராவது திடுக்கிடுவார்கள் என்று பார்த்தார். எல்லோரும் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் பாதிப்பேருக்கு மேல் இது முப்பது வருஷமாகத் தெரியுமாம். மனிதர் சந்தோஷமாக இருக்கிறார், வாளியும் வைக்கிறார், கெடுப்பானேன் என்று விட்டிருந்தார்களாம்.

ஹெர்பர்ட் ஈரப் புல்லில் நடந்து வெரோனிகாவிடம் போனார்.

"வெரோனிகா, நான் உங்க பேரன் இல்ல."

"அது எனக்கு ரொம்ப நாளாத் தெரியும். எந்தப் பேரனும் பாட்டியைப் பார்க்க வாரத்துக்கு மூணு தடவை வரமாட்டான்."

"இப்ப நான் உங்களுக்கு யாருமே இல்ல" என்றார் ஹெர்பர்ட். "அதான் கேக்க வந்தேன்."

அவள் மழைக்குக் குடையை விரித்தாள். "உலகத்துல இருக்கிற எல்லாரையும் சொந்தமாக்கின ஆளு, என்னை மட்டும் யாருமில்லைன்னு நிரூபிக்க இவ்வளவு பாடுபட்டிருக்கீங்க" என்று சொல்லிவிட்டுத் தன் குடையை அவர் தலைக்கும் சேர்த்துச் சாய்த்துப் பிடித்தாள். அவ்வளவுதான் பதில். பன்றியின் மொறுமொறுப்பான தோல் ஆறுவதற்குள் ஊர் முழுக்கச் செய்தி போய்விட்டது.

ஸீட்டோ சங்கத்துக்குப் புதிய தலைவர் தேவைப்பட்டார். ஹெர்பர்ட் வரைந்த பட்டியலைப் பார்த்து, தலைமுறையில் மூத்தவரையே தேர்ந்தெடுத்தார்கள். வெரோனிகாவை. அவள் முதல் கூட்டத்திலேயே படத்திலிருந்த ஐஸ்லாந்து ஊசியைப் பிடுங்கி, அந்தப் பையனை நிம்மதியாக மீன் படிக்க விடும்படி உத்தரவு போட்டாள். வாளி மட்டும் பழைய தலைவரிடமே இருந்தது.

சுகமாக முடிந்தது என்றுதானே நினைக்கிறீர்கள்? இந்த இனம் அப்படியெல்லாம் அழிவதில்லை. கல்யாணத்துக்கு மறுவாரம் ஹெர்பர்ட் குவான் ரொட்டிக்கடைக்குக் குறிப்பேட்டுடன் போய், அடுப்பு முன்னால் வேர்த்துக்கொண்டிருந்த குவானிடம், குவான்கள் உலகத்தில் எத்தனை லட்சம் பேர் தெரியுமா, எல்லாக் குவானும் ஒரே ரத்தம், உங்கள் அப்பாவின் நடு எழுத்து என்ன என்று கேட்டார். குவான் மாவுக் கையைத் துடைத்தார்.

"அண்ணே, முப்பது வருஷம் நீங்க இந்தத் தெருப் பக்கமே வரலை. அது எனக்கு எவ்வளவு நிம்மதியா இருந்துச்சுன்னு இப்பதான் தெரியுது" என்றார். பன் மட்டும் இலவசமாகக் கொடுத்தார். சங்கத்து மாடியில் இப்போது நீல ஊசிகள் வந்துவிட்டன.

நீங்கள் சிரிக்கிறீர்கள். நாமெல்லாம் அப்படியில்லை என்கிறீர்கள். நல்லது. ஆனால் போன மாதம் ரயிலில் எதிரே உட்கார்ந்தவரிடம் சொந்த ஊர் எது என்று கேட்டீர்களே, ஊரைச் சொன்னதும் எந்தத் தெரு என்றீர்களே, தெருவைச் சொன்னதும் அங்கே யார் வீடு என்று முன்னால் நகர்ந்து உட்கார்ந்தீர்களே, அது என்னவாம்? அவர் சரியான வீட்டைச் சொன்னதும் உங்கள் முகம் எப்படி மலர்ந்தது என்பதைப் பக்கத்து இருக்கைக்காரர்கள் பார்த்தார்கள். போகட்டும். இன்று வீட்டுக்குப் போனதும் மூத்தவர்கள் யாரையாவது தனியே அழைத்து, உங்கள் தாத்தா யார் என்று மெதுவாக விசாரித்துப் பாருங்கள். கேட்டதும் அவர்கள் கொஞ்சநேரம் பேசாமலிருந்தால், குறிப்பேட்டை மூடி வைத்துவிடுவது நல்லது.