ஏலேலோ அண்ணரின் காணிக்கைப் பாட்டு

நாயாற்றுக் கரையிலிருந்து முல்லைத்தீவு நகரம் வரை ஆண்டவரைப் பாடித் துதித்தவர்களில், ஆண்டவரின் பொறுமையை அதிகம் சோதித்தவர் எங்கள் ஏலேலோ அண்ணர்தான். என் பொறுமையைப் பற்றிக் கேட்காதீர்கள். அது முதல் ஞாயிறே தீர்ந்துவிட்டது.

நான் அங்கே பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கிறவன். மாதா கோயிலில் கீபோர்ட் வாசிப்பேன், பாடற்குழுவையும் மேய்ப்பேன். அண்ணர் கரைவலைக்காரர். நாற்பது வருடமாகக் கரையில் நின்று கயிறு பிடித்து, பின்பக்கமாக நடந்து நடந்து வலை இழுத்தவர். இப்போது அந்த வேலையை உழவு இயந்திரம் செய்கிறது என்பது அவருடைய கால்களுக்கு இன்னும் தெரியாது. பூசையில் பாட்டுத் தொடங்கினால் போதும், இல்லாத கயிற்றை இரண்டு கையாலும் பிடித்து ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு எட்டுப் பின்னால் வைப்பார். முதல் சரணம் முடியும்போது பின்வரிசைக்காரரின் கால் மேல் நிற்பார். வரி முடிகிற இடத்தில் பழக்கதோஷத்தில் ஒரு "ஏலேலோ" வேறு விழும். பெயர் அப்படித்தான் வந்தது. சுருதி அவர் போகாத கடல்.

அப்படிப்பட்டவர் கோயில் திருநாளுக்கு இரண்டு கிழமை இருக்க என் வீட்டுப் படலையில் வந்து நின்றார்.

"சேர், திருநாள் பூசையில காணிக்கைப் பாட்டை நான் முன்னுக்கு நிண்டு பாட வேணும். நேர்த்தி வைச்சிட்டன்."

"ஆரைக் கேட்டு வைச்சனீங்கள்?"

"மாதாவை."

இதற்கு மேல் எங்கே போய் முறையிடுவது? விசயம் என்னவென்றால், அவருடைய மனைவி றோசம்மாக்காவுக்கு இருதயத்தில் வால்வு பழுது. திருநாள் முடிந்த மூன்றாம் நாள் யாழ்ப்பாணத்தில் ஒப்பரேஷன். டொக்டர்கள் நிச்சயமாக ஒன்றும் சொல்லவில்லை. பிள்ளைகள் இல்லாத வீடு. அவருக்கு அக்கா, அக்காவுக்கு அவர், அவ்வளவுதான்.

நான் தந்திரமாகக் கதைத்தேன். "அண்ணை, நேர்த்தி எண்டால் அவா சுகமாகி வந்த பிறகுதானே செலுத்துறது. அடுத்த திருநாளுக்குப் பாப்பம்."

"மீன் பட்டாப் பிறகோ சேர் நாங்கள் கும்பிடுறனாங்கள்? வலை வளைக்க முதல்தானே."

ஃபாதரிடம் ஓடினேன். "மாதா பொறுத்திடுவா. நீங்கள்தான் பொறுக்க வேணும்" என்று சொல்லிச் சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

பிறகென்ன, தினமும் பயிற்சி. மெல்லப் பாடச் சொன்னால் பலக்கப் பாடினார்.

"அண்ணை, காலை அசைக்காமல் நிண்டு பாடுங்கோ."

"கால் நிண்டால் குரலும் நிண்டிடும் சேர்."

ஒருநாள் எரிச்சலில் கேட்டேன். "இவ்வளவு பாடுறியளே, உங்களுக்குப் பயமே இல்லையோ?"

"பயம்தான் சேர். பயமில்லாட்டி ஏன் மாதாவிட்டப் போறன்?"

வெண்கட்டியால் நிலத்தில் ஒரு வட்டம் கீறி, இதைத் தாண்டக்கூடாது என்று மட்டும் சொன்னேன்.

திருநாளன்று அவர் வட்டத்துக்குள் நின்றது முதல் வரிக்கு மட்டும். இரண்டாம் வரியில் பின்னால் நடக்கத் தொடங்கி, என் கீபோர்ட் வயரில் கால் தடக்கிப் பிளக்கைப் பிடுங்கிவிட்டார். வாத்தியம் செத்தது. பாடற்குழுவும் வாயை மூடிக்கொண்டது. அவர் நிறுத்தவில்லை. கண்ணை மூடி, கயிற்றை இழுத்து இழுத்து, மூன்று ஏலேலோவுடன் முழுப் பாட்டையும் பாடி முடித்தார். முன்வரிசையில் றோசம்மாக்கா தலையாட்டி ரசித்துக்கொண்டிருந்தார். எனக்கு வந்த கோபத்தில் அண்ணரோடு கதைக்காமலே வீட்டுக்குப் போனேன்.

மூன்றாம் நாள் காலை, எட்டாம் வகுப்பில் நிற்கும்போது போன் அடித்தது.

"சேர், அவாவை உள்ளுக்குக் கொண்டு போயிட்டினம்." அந்தப் பெரிய குரல் அடங்கிப் போயிருந்தது. "பாடிக்கொண்டு இருப்பம் எண்டு பாக்கிறன், வருகுதில்லை. நீங்கள் ஒருக்கா எடுத்துத் தாங்கோ."

முப்பது பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்க, கரும்பலகைக்கு முன்னால் நின்று காணிக்கைப் பாட்டை எடுத்தேன். இரண்டாம் வரியில் அவர் சேர்ந்துகொண்டார். தப்பான சுருதி, தப்பான வேகம். அன்றைக்கு நான் திருத்தவில்லை. அவர் போன வழியே நானும் போனேன்.

பின்னேரம் மறுபடி அவரின் போன் வந்தது. "கண் முழிச்சிட்டா சேர். முதல் கேட்டது, சாப்பிட்டியளோ எண்டு." சொல்லிவிட்டு அழுதார். நானும்தான்.

அந்த மனிதரில் எனக்குப் பெரிய பாசம். நாயாற்றுப் பக்கம் போகிறவர்கள் தயவுசெய்து இதை அவரிடம் சொல்லிவிடாதீர்கள். பாலன் பிறக்கிற நத்தார்ப் பூசைக்கும் தனிப்பாட்டுக் கேட்பார். மாட்டேன் என்று சொல்ல எனக்கு மனம் வராது.