புஸ்பத்தின் வீட்டு யூனிக்ஸ்

இரண்டு கொம்பியூட்டர் மெஷினையும் ஒன்றோடொன்று பேசவைக்கும் வரை பச்சைத் தண்ணீர் பல்லில் படாது என்று தவேந்திரன் காலையில் சபதம் போட்டான். பத்து மணிக்குள் மூன்று தேத்தண்ணி குடித்துவிட்டான். மெஷின்கள் பேசவில்லை.

கடற்கரையில் இருந்த அலுவலகத்தைச் சுனாமி அள்ளிக்கொண்டு போனபின், செட்டிபாளையத்தில் வாவிப் பக்கம் தப்பி நின்ற இந்த வீட்டு முன்னறைதான் அவன் வேலை செய்யும் தொண்டு நிறுவனத்தின் கந்தோர். வீடு புஸ்பத்தின் சீதனம். தவேந்திரன் அதில் வந்து குடியேறிய மாப்பிள்ளை.

கூடாரங்களில் கிடக்கும் சனத்துக்குக் கட்டப்போகும் வீடுகளின் வரைபடங்கள் பழைய மெஷினில், சோலாரிஸ் என்ற இயங்குதளத்தில் இருந்தன. பிரின்டரோ வெள்ளைக்காரர் கொடுத்த புது மெஷினில், லினக்ஸில் இருந்தது. பின்னேரம் பணிப்பாளர் சரீப் வருகிறார். அதற்குள் புதியதில் படம் திறக்காவிட்டால் வேறு ஆளைப் போடுவதாகப் போனிலேயே சொல்லிவிட்டார்.

"ரெண்டும் யூனிக்ஸ் எண்டுதானே சொன்னீங்க?" புஸ்பம் எட்டிப் பார்த்தாள்.

"ஓம்."

"ஒரே வம்சம்?"

"ஓம்கா."

"பிறகென்ன சண்டை?"

"சண்டை இல்ல. வயர் சரி. பழைய மெஷின்ட கோப்புப் பெட்டியெல்லாம் இஞ்ச தெரியுது. திறக்கப் போனா அனுமதி இல்லையாம். ரெண்டுலயும் நான்தானேகா தவேந்திரன்!"

"பேரைச் சொன்னா ஆர் உள்ளுக்கு விடுவாங்க? நம்மட கோயில்ல என்ன குடி எண்டுதானே கேக்கிற?"

"இது கோயில் இல்லகா, கொம்பியூட்டர்!"

சீறிய பிறகுதான் அவனுக்குச் சுருக்கென்றது. மட்டக்களப்பில் தாய்வழி வரும் குடியைக் கேட்டுத்தான் ஆளை மதிப்பார்கள். வெறும் தவேந்திரன் என்றால் ஊருக்கு ஒன்பது பேர் இருப்பார்கள். அவசரமாகத் தேடினான். அவன் பெயருக்குப் பின்னால் ஓர் இலக்கம் ஒளிந்திருந்தது. பழையதில் அவன் நூற்றியொன்று, புதியதில் ஐந்நூறு. பழைய மெஷின் பெயரைப் பார்க்கவே இல்லை. ஐந்நூறா, நீ ஆர் என்று கதவைச் சாத்தியிருக்கிறது.

"கண்டுபிடிச்சிட்டன்! இஞ்சயும் நூற்றியொண்டைக் குடுத்தாச் சரி. குளிச்சிட்டு வந்து செய்யிறன்."

"அப்ப நூற்றியொண்டு ஆரிட்ட இரிக்கோ, அவருக்கு எல்லாம் திறக்கும்?"

"வேற ஆருக்குத் திறக்கும்?"

"சரி. இன்னொரு ஆள் வேணும் எண்டு சரீப் சேர் கேட்டாரே, என்னைப் பற்றிச் சொன்னீங்களா?"

அவள் கேட்டது நியாயமான கேள்விதான். புது மெஷினில் கடிதமெல்லாம் அடித்துக் கொடுப்பவள் அவள்தான். அதில் அவளுக்குத் தனிக் கணக்கு உண்டு. மெஷினின் தலைமைக் கடவுச்சொல்லும் அவளுக்குத் தெரியும். பயத்தில் அவள் பெயரையே அந்தக் கடவுச்சொல்லாக வைத்திருந்தான்.

"உனக்கேன்கா அந்தக் கரைச்சல்? வீட்டு வேலையால அவவுக்கு நேரம் கிடைக்கிறது கஷ்டம் எண்டு சொல்லிட்டன்."

புஸ்பம் புது மெஷின் பக்கம் திரும்பிப் பார்த்தாள். வேறொரு புருசனென்றால் அந்தப் பார்வைக்கே குளிக்கப் போயிருக்க மாட்டான். தவேந்திரன் சவர்க்காரத்தை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனான்.

தலை துவட்டும்போதே வாசலில் ஜீப் சத்தம். சொன்ன நேரத்துக்கு முன்பே சரீப் வந்து நின்றார்! சேட்டுப் பொத்தானை மாற்றிப் பூட்டிக்கொண்டு உள்ளே ஓடினான்.

"நூற்றியொண்டைக் குடுத்திட்டன்," என்றாள் புஸ்பம் மெதுவாக.

தெய்வமே என்று இருந்தது அவனுக்கு. உட்கார்ந்து, தன் பெயரில் நுழைந்து, தட்டினான். அனுமதி இல்லை. மறுபடியும் தட்டினான். அனுமதி இல்லை. குளித்ததெல்லாம் வியர்வையில் போனது. சரீப் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். வேலை போனால் இந்த வீட்டில் தன் நிலை என்ன என்று நினைக்கவே அவனுக்குப் பயமாக இருந்தது.

"கொஞ்சம் எழும்புங்க." புஸ்பம் உட்கார்ந்து தன் பெயரில் நுழைந்தாள். வரைபடங்கள் வரிசையாகத் திறந்தன. பிரின்டர் பாடத் தொடங்கியது.

"குடுத்தனெண்டியேகா!" காதோடு கெஞ்சினான்.

"குடுத்தன். எனக்கு. வீடு ஆர்ட பேர்ல? குடி ஆர் வழி? இலக்கம் மட்டும் உங்களுக்கோ?"

சரீப் படங்களைக் கையில் எடுத்து, "மாஷா அல்லாஹ்! தங்கச்சி, நாளையில இருந்து இஞ்ச நீங்கதான் பொறுப்பு," என்றார்.

"அப்ப நான், சேர்?" தவேந்திரன் இரண்டடி முன்னால் வந்தான். "உதவிக்காவது..."

சரீப் புஸ்பத்தின் முகத்தைப் பார்த்தார்.

"வச்சிருக்கலாம் சேர்," என்றாள் அவள். "ஆனா வீட்டு வேலையால இனி அவருக்கு நேரம் கிடைக்கிறது கஷ்டம்."