ஐந்தாம் நிறத்தின் ஒரிஜினல்

இடுப்பு வலிக்கிறது. மனிதகுலம் முன்னேறிவிட்டது என்பதற்கு இதைவிட உறுதியான சான்று உலகத்தில் கிடையாது. பதினேழு வயதில் ஈரத்துணிப் பொதியைத் தூக்கித் தூக்கி வலித்த இதே இடுப்பு, இன்று சரவணம்பட்டியில், ஏசி அறையில், சக்கரம் வைத்த நாற்காலியில் நான்கு மணி நேரம் உட்கார்ந்ததால் வலிக்கிறது. வலி அதேதான். ஆனால் அதற்கு இப்போது 'பிராண்ட் ரிவ்யூ மீட்டிங்' என்று பெயர்.

என் பெயர் திருமலைசாமி. துடியலூரைத் தாண்டி இருக்கும் ஒரு சாயப்பட்டறையில் கலர் மாஸ்டர். எந்த நிறத்தைக் காட்டினாலும் அதே நிறத்தில் துணியை நனைத்துக் கொடுப்பது என் வேலை. பட்டறையைத் தொடங்கியவர் சுந்தரராஜுலு ஐயா. அவர் காலத்தில் துண்டு என்றால் துண்டு; குளித்தால் துவட்டுவது. இப்போது நிர்வாகத்தைப் பார்க்கும் அவருடைய பேரன் சாய்சரண் சார், நாம் விற்பது துண்டே அல்ல, 'குளியலுக்குப் பிந்தைய அனுபவம்' என்று கண்டுபிடித்தார். கண்டுபிடித்த மாதமே விலை இரண்டு மடங்கானது. துண்டு அதேதான்.

அனுபவத்துக்கு நிறம் வேண்டும். பழைய முறையில் நான் நிறத் துணுக்குகள் ஒட்டிய ஷேடு கார்டை நீட்டுவேன். ஐயா மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, "இதுல போடு சாமி" என்பார். மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும். அதில் விஞ்ஞானமே இல்லை என்பதை இன்று நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது. புதிய முறைக்கு ஆறு வாரமும் பதினோரு பேரும் வேண்டும்.

புதிய முறையைக் கொண்டுவந்தவர் எங்கள் டிசைனர் சைத்ரா மேடம். ஒரு புகைப்படத்தை எடிட்டிங் சாஃப்ட்வேரில் ஏற்றி, ஒரு பொத்தானை அமுக்குவார். படம் சதுரம் சதுரமாக உடையும். பிறகு ஐந்து வட்டங்கள், பலகாரத் தட்டில் ஈ அலைவதுபோல, படத்தின் மேல் அலைந்து ஆளுக்கோர் இடம் பிடித்து உட்காரும். உட்கார்ந்த இடத்து நிறங்கள் கீழே ஐந்து கட்டங்களில் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றுக்கும் லாரி நம்பர் மாதிரி ஒரு எண். அந்த ஐந்துக்கும் சேர்த்துப் 'பேலட்' என்று பெயர். தேங்காயில் எண்ணெய் எடுக்கிறார்கள், கரும்பில் சாறு எடுக்கிறார்கள். படத்திலிருந்து நிறத்தைப் பிழிந்தெடுப்பதை நான் இங்கேதான் முதலில் பார்த்தேன். சக்கையாகப் போனது எது என்பது பிற்பாடுதான் தெரிந்தது.

முதலில் ஊட்டித் தேயிலைத் தோட்டத்தைப் பிழிந்தார்கள். ஐந்தும் பச்சையாக வந்தன. மருதமலைச் சாயங்காலத்தைப் பிழிந்தார்கள். ஐந்தும் கட்சிக்கொடி மாதிரி இருந்தன. மயிலைப் பிழிந்தபோது மட்டும் எல்லோரும் கைதட்டினோம். ஆனால் அந்த ஐந்தும் போட்டிக் கம்பெனியிடம் ஏற்கெனவே இருந்தன. அவர்களும் மயிலைப் பார்த்திருக்கிறார்கள்.

"நமக்கு உண்மை வேணுங்க," என்றார் சாய்சரண் சார். "உழைப்பு தெரியணும். உழைப்பு எங்க இருக்குது?"

பதினோரு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். யாருக்கும் தெரியவில்லை.

சைத்ரா மேடம் தன் போனைத் துழாவி, போன மாதம் பட்டறைக்கு வந்தபோது எடுத்த ஒரு படத்தைத் திரையில் போட்டார். தொட்டியிலிருந்து ஈரத்துண்டைத் தூக்கிப் பிழியும் இரண்டு கைகள். சாய்சரண் சார் நாற்காலியை விட்டு எழுந்தார்.

"ஃபென்டாஸ்டிக்! யார் கைங்க இது?"

"தெரியலைங்க சார். ஃபேஸ் ஃப்ரேமுக்குள்ள வந்துச்சு. கிராப் பண்ணிட்டேன்."

பொத்தானை அமுக்கினார். ஐந்து வட்டங்களும் அலைந்து உட்கார்ந்தன. துண்டின் நீலத்துக்கு 'விடியல்' என்றும், பீப்பாய்த் துருவுக்குக் 'கொங்குச் செம்மண்' என்றும், சோப்பு நுரைக்கு 'இளநுங்கு' என்றும், ஈரமான சிமென்ட் தரைக்கு 'நொய்யல் பனி' என்றும் பெயர் வைத்தோம். சாயத்தண்ணீர் கலந்து ஓடும் நொய்யல் ஆற்றின் நிறம் என்ன என்று சாயப்பட்டறைக்காரனிடம் கேட்பது அவ்வளவு நாகரிகமில்லை. நானும் சொல்லவில்லை.

ஐந்தாவது வட்டம், வலது கையில் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே போய் உட்கார்ந்தது. ஓர் இளஞ்சிவப்பு. எங்கள் ஷேடு கார்டில் இருக்கும் எண்ணூற்றுச் சொச்ச நிறங்களில் அது இல்லை. அத்தனை மிருது, அத்தனை உயிர்.

"மணப்பெண் கன்னம்," என்றார் சைத்ரா மேடம், திரையைத் தடவி.

அந்த வருடத்தின் முதன்மை நிறமாக அதைத் தேர்ந்தெடுத்தோம். ஒரு தீர்மானமும் நிறைவேறியது: இனிமேல் கம்பெனியில் வாங்கும் எந்தப் பொருளும், பேனா முதல் பக்கெட் வரை, பேலட்டில் உள்ள ஐந்து நிறங்களைத் தாண்டக் கூடாது.

அப்போது நான் எழுந்தேன். "திரையப் பாத்துச் சாயம் போட முடியாதுங்க சார். கம்ப்யூட்டருக்குக் கம்ப்யூட்டர் நெறம் மாறும். ஒரிஜினல் சாம்பிள் வேணுமுங்க."

எங்கள் தொழிலில் இது மாறாத விதி. கையில் தொட்டுப் பார்க்கிற ஒரு பொருள் வேண்டும். அதில் ஓர் அட்டை கட்டி, கையெழுத்துப் போட்டு, வெயில் படாமல், தண்ணீர் படாமல் வைத்துக்கொள்ள வேண்டும். ஒரே நிறத்தில் நனைக்கும் மொத்தச் சரக்குக்கு லாட் என்று பெயர்; அதன் கடைசி மூட்டை லாரி ஏறும்வரை அந்த ஒரிஜினல் இம்மியும் மாறக் கூடாது. மாறினால் எதை வைத்துச் சரிபார்ப்பது?

நான்கு நிறங்களுக்கு ஒரிஜினல் சுலபமாகக் கிடைத்தது. துண்டில் ஒரு மூலையை வெட்டினேன். தரையில் ஒரு சில்லைப் பெயர்த்தேன். துருவைத் தீப்பெட்டியில் சுரண்டி எடுத்தேன். நுரைதான் ஆபீசுக்கு வருவதற்குள் செத்துவிட்டது; சோப்பையே வைத்தோம். ஐந்தாவதுக்காகப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கட்டைவிரல் நகம் குறுக்கே பிளந்திருந்தது. அந்த நகத்தை எனக்குத் தெரியும்.

மறுநாள் காலை தொட்டிப் பக்கம் போனேன். ரசாக் பாய் என்னைப் பார்த்ததும் வழக்கமான கேள்வியைக் கேட்டார். பத்தொன்பது வருடமாக அதே தொட்டியில் நிற்கிறவர்.

"ஏனுங்க மாஸ்டர், கிளவுஸ் வந்துருச்சுங்களா?"

முழங்கை நீள ரப்பர் கிளவுஸ், ஒரு ஜோடி. பழையது கிழிந்ததும் ஆடி மாதத்தில் நான்தான் சீட்டு எழுதிக் கொடுத்தேன். இப்போது மார்கழி. சீட்டு 'பரிசீலனையில்' இருக்கிறது. பரிசீலனை என்பது எளிதான வேலையல்ல.

"வருமுங்க பாய். கையக் கொஞ்சம் காட்டுங்க."

"காட்றதுக்கு என்ன இருக்குது? இந்தப் பக்கம் கை, அந்தப் பக்கம் காஸ்டிக் சோடா, நடுவுல அல்லா." வலது கையை நீட்டினார். விரலிடுக்கில் தோல் உரிந்து, உள்சதை தெரிந்தது. "சோத்தப் பெசஞ்சா எரியுதுங்க. ஸ்பூன்ல திங்கறேன். மக ஃபஹீமா கேலி பண்றா, அத்தா ஆபீசர் ஆயிட்டீங்களான்னு."

ஷேடு கண்ணுக்குச் சரியாக இருந்தது. "பாய், வண்டில ஏறுங்க. ஆபீசுக்குப் போலாம்."

"கிளவுசுக்குங்களா?"

"அதையும் கேட்டுப்போடலாம்."

சரவணம்பட்டி ஆபீஸ் வாசலில் செக்யூரிட்டி மறித்தார். ஆள் உள்ளே போக வேண்டுமென்றால் ஆன்லைனில் முன்கூட்டியே அனுமதி வாங்கி, அடையாள அட்டை காட்டி, போட்டோ எடுத்துக்கொள்ள வேண்டும். சாம்பிள் என்றால் ரிஜிஸ்டரில் ஒரு வரி போதும்.

"இவர் ஆளுங்களா, சாம்பிளுங்களா?"

நான் யோசிப்பதற்குள் ரசாக் பாயே சொல்லிவிட்டார். "சாம்பிள்னே போடுங்க கண்ணு. அல்லாட்டி வெயில்ல நிக்கோணும்."

'சாம்பிள், எண்ணிக்கை ஒன்று, திரும்ப எடுத்துச் செல்ல வேண்டியது' என்று எழுதிக்கொண்டு உள்ளே விட்டார்கள்.

மீட்டிங் அறையில் லைட் பாக்ஸ் தயாராக இருந்தது. முன்பக்கம் திறந்த ஒரு சாம்பல் நிறப் பெட்டி. பகல் வெளிச்சம், ட்யூப் லைட், மஞ்சள் பல்பு என்று மூன்று விளக்குகளையும் மாற்றி மாற்றிப் போட்டு, சாம்பிளும் துணியும் எல்லாவற்றிலும் ஒன்றுபோல் தெரிகிறதா என்று பார்ப்போம். ரசாக் பாயின் மணிக்கட்டில் அட்டையைக் கட்டினேன். கையை உள்ளே வைத்தார். நான் ராவெல்லாம் குத்துமதிப்பாக நனைத்து வைத்திருந்த எட்டுத் துணுக்குகளை ஒவ்வொன்றாகப் புண்ணின் பக்கத்தில் வைத்தேன்.

"கொஞ்சம் ரைட்ல திருப்புங்க," என்றார் சைத்ரா மேடம்.

"திருப்பறேன் அம்மணி. என்ற கலியாணத்துல கூட யாரும் இப்படிக் கையப் புடிச்சு ரசிக்கலை."

ஆறாவது துணுக்கு பகல் வெளிச்சத்தில் பொருந்தியது. ட்யூப் லைட்டில் பொருந்தியது. மஞ்சள் பல்பிலும் பொருந்தியது. எது துணி, எது கை என்று தெரியாத அளவுக்குப் பொருந்தியது. நான் பெருமிதத்தில் நிமிர்ந்தபோது, சாய்சரண் சார் குனிந்து பெட்டிக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். முகம் மாறியிருந்தது.

"பாய், இது புண்ணுங்களா?"

"ஆமாங்க தம்பி."

"வலிக்குதுங்களா?"

"தண்ணி பட்டா மட்டுந்தானுங்க."

"எப்பெல்லாம் தண்ணி படும்?"

"வேலை நேரத்துல மட்டுந்தானுங்க."

சார் நல்ல மனிதர். அதை யாரும் மறுக்க முடியாது. கண் கலங்க, "இன்னைக்கே இவருக்கு கிளவுஸ் குடுங்க!" என்றார். அறை கைதட்டியது. யாரோ குறிப்பேட்டில் 'மனிதநேயம்' என்று எழுதிக்கொண்டார்கள். ஸ்டோருக்குப் போன் போனது. முழங்கை நீளத்தில் ஒரே நிறம்தான் வருகிறது, ஆரஞ்சு, சொன்னால் அரை மணி நேரத்தில் கொடுத்தனுப்புகிறோம் என்றார்கள்.

"ஆரஞ்சா?" என்றார் சைத்ரா மேடம். "சார், பேலட்ல ஆரஞ்சே இல்லையே. தீர்மானம் போட்டு ஒரு வாரங்கூட ஆகலை. நம்ம கலர்ல செஞ்சு வாங்கணும்னா ரெண்டாயிரம் ஜோடிக்குக் கம்மியா செய்ய மாட்டாங்க."

"தீர்மானம் கெடக்குது. ஆரஞ்சே வரட்டும்."

ரசாக் பாய் என்னைப் பார்த்துச் சிரித்தார். ஆறு மாதக் கேள்விக்குப் பதில் அரை மணி நேரத்தில் வரப்போகிறது.

அப்போதுதான் எனக்குள் இருந்த தொழில் பேசியது. இருபத்திரண்டு வருடப் பழக்கம். தும்மல் மாதிரி, அடக்குவதற்குள் வந்துவிட்டது.

"சார், ஒரு நிமிஷமுங்க. லாட் முடியற வரைக்கும் ஒரிஜினல் மாறக் கூடாதுங்க."

எல்லோரும் திரும்பினார்கள்.

"கிளவுஸ் போட்டா ஆறிப்போகும். ஆறிப்போனா ஷேடு போயிரும். அடுத்த லாட்ட எதை வெச்சுங்க பாக்கறது?"

அந்த அறையில் என் பேச்சை முழுதாகக் கேட்டது அன்றுதான் முதல்தடவை. மற்ற பத்துப் பேரும் தலையாட்டினார்கள். 'மாஸ்டர் சொல்றது டெக்னிக்கல் பாயின்ட்' என்றார் ஒருவர். சாய்சரண் சார் ரசாக் பாயைப் பார்த்தார், துணுக்கைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார். நான் "போனாப் போகுது, உடுங்க சார்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். நான் சக்கர நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

"எத்தனை நாளாகுமுங்க மாஸ்டர்?" என்று சார் கேட்டார்.

"ஒரு லாட் தானுங்க. இருபது நாள்."

ஸ்டோருக்கு மறுபடியும் போன் போனது.

ரசாக் பாய் கையைப் பெட்டியிலிருந்து எடுத்துக்கொண்டார். கோபப்படவில்லை. "ஆறாம எப்படி வெச்சுக்கறதுன்னு சொல்லிப்போடுங்க மாஸ்டர். எனக்குப் பழக்கமில்லை."

"இப்ப இருக்கற மாதிரியே இருங்க பாய்," என்றேன்.

மணிக்கட்டு அட்டையில் 'அங்கீகரிக்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வாசலில் செக்யூரிட்டி அட்டையைச் சரிபார்த்து, சாம்பிளை வெளியே விட்டார்.

'மணப்பெண் கன்னம்' எப்படிப் போனது என்று ஊருக்கே தெரியும். முதல் லாட் கடைக்குப் போன பன்னிரண்டு நாளில் விற்றுத் தீர்ந்தது. மறு ஆர்டர் வந்தது. அதற்கும் மறு ஆர்டர். லாட் முடியவே இல்லை. இன்றைய நான்கு மணி நேர மீட்டிங்கில் ஐந்தாவது ஆர்டருக்கும் ஒப்புதல் ஆகி, எனக்கு ஒரு கண்ணாடிக் கேடயமும் கொடுத்தார்கள்: 'நிறத்துக்கு நேர்மையானவர்'. தொழிலாளர்களுக்குத் தலைக்கு ஒரு துண்டு பரிசு. ரசாக் பாய்க்கும் ஒன்று. சாயங்காலம் தொட்டிப் பக்கம் போனபோது அதில் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"நல்லா போட்டிருக்கீங்க மாஸ்டர்," என்றார், துண்டை விரித்துக் காட்டி. "எத்தனை தொடைச்சும் கறையே தெரியலைங்க."

என் வாழ்நாளில் என் தொழிலுக்குக் கிடைத்த ஆகப்பெரிய பாராட்டு அது. கேடயத்தை வீட்டில் எங்கே வைப்பது என்று இன்னும் முடிவு செய்யவில்லை. வைப்பதற்கு முன்னால் கணக்கை எழுதிவிடுகிறேன்.

ரசாக் பாய்க்குத் தர வேண்டியது: ரப்பர் கிளவுஸ், முழங்கை நீளம், ஒரு ஜோடி. ஆடியிலிருந்து பாக்கி. தர வேண்டியவன்: திருமலைசாமி.