ரப்பர் கால் செருப்பில் சேருமா?

சேக்காடு,
ஆடி மாதம், 1991.

திருமழிசையில் இருக்கும் மதிப்பிற்குரிய மச்சான் வேம்புலி அவர்களுக்கு, உங்கள் தங்கை சொர்ணத்தின் வீட்டுக்காரன் செங்கல்வராயன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கு என் வலது கணுக்காலைத் தவிர எல்லோரும் நலம். அங்கு அக்காவும் பிள்ளைகளும் நலமா?

நம் அம்மன் கோயில் விழாக் குழுவில் உங்கள் பேச்சு எடுபடும் என்பதால்தான் எழுதுகிறேன். என் அப்பா காலத்திலிருந்து ஆடிக் கரகம் எங்கள் வீட்டுத் தலையில்தான் ஏறும். இந்த வருஷம் எதிர்வீட்டுக் கஜபதி எடுக்கப் போகிறானாம். ரயிலில் ஒரு காலை விட்டுவிட்டு, ஆஸ்பத்திரியில் ரப்பர் பாதம் வைத்த கால் மாட்டிக்கொண்டு வந்தானே, அவன்தான். எனக்கு வயிறு எரிகிறது மச்சான், மறைப்பானேன்!

குழாய் பதிக்கிறோம் என்று தெருவைத் தோண்டி அப்படியே போட்டுவிட்டார்கள். சொந்தக் கால் இரண்டும் உள்ள நான் பால் வாங்கப் போய் விழுந்தேன், அரிசி மூட்டையோடு விழுந்தேன், விழுந்த இடத்தைச் சொர்ணத்துக்குக் காட்டப் போய் மறுபடி விழுந்தேன். அவனோ கழியால் மண்ணைத் தட்டிப் பார்க்கிறான், சின்னச் சின்னதாக அடி வைக்கிறான், வைத்த கால் நிலைத்த பிறகே அடுத்த காலை எடுக்கிறான். மேடு ஏறும்போது நல்ல கால் முதலில், சரிவில் இறங்கும்போது மாட்டின கால் முதலில், அதுவும் பக்கவாட்டில். தெருவே வாசலில் நின்று பார்க்கிறது. "அவர் நடக்கற அயகைப் பாரு, நீயும் கீறியே!" என்கிறாள் உங்கள் தங்கை. என் கல்யாணத்தில்கூட என்னை யாரும் அப்படிப் பார்த்ததில்லை.

யாருக்குக் கரகம் என்று பார்க்க, பூசாரி கலியமூர்த்தி எங்கள் இருவர் தலையிலும் தண்ணீர்க் குடத்தை வைத்து நடக்கவிட்டார். கஜபதி காலையிலேயே ஒருமுறை கழியோடு போய்த் தெருவைத் தட்டிப் பார்த்து வைத்திருந்தான். சொட்டுத் தண்ணீர் சிந்தவில்லை. நான் சொர்ணம் பார்க்கிறாளா என்று திரும்பினேன், குடத்தோடு பள்ளத்துக்குள் போய்விட்டேன்.

பள்ளத்திலிருந்தே நியாயம் கேட்டேன். "கரகம் வெறுங்கால்ல எடுக்கணும். அவனுக்கு ஒரு காலு ரப்பரு. ரப்பருன்னா செருப்புதானே?"

"மொதல்ல மேல வா, அப்பால பேசு," என்றார் பூசாரி. இது ஒரு பதிலா மச்சான்? நீங்கள்தான் குழுவில் இதை எழுப்பி, கரகத்தை நம் வீட்டுக்கே வாங்கித் தர வேண்டும்.

அம்மன் உங்கள் குடும்பத்தைக் கண்போல் காக்கட்டும். பிள்ளைகளுக்கு என் ஆசிகள்.

அன்புள்ள,
செங்கல்வராயன்

பி.கு.: வீங்கிய காலோடு தபால் பெட்டி வரை போக முடியாததால், இதைப் போடக் கஜபதியே வந்து நிற்கிறான். தினமும் சாயங்காலம் கழியைக் கையில் கொடுத்து என்னை நடக்கப் பழக்குபவனும் அவன்தான். இப்போது கேட்கிறான்: "தலைல கரகம் இருந்தா கீழ பாக்க முடியாது, அண்ணாத்தே. நீ முன்னால போய் பள்ளம் எங்கன்னு கொரல் குடு. உன்னத்தான் நம்பிகினு கீறேன். எல்லாத்துலயும் வுயுந்து பாத்தவன் நீதானே!" கண் கலங்கிவிட்டது மச்சான். மேலே எழுதியதை மறந்துவிடுங்கள், அவனே எடுக்கட்டும். முன்னால் நடக்கிற எனக்கும் ஒரு மாலைக்கு மட்டும் சொல்லிவையுங்கள். அவனுடையதைவிடக் கொஞ்சம் பெரியதாக.